பாய் வைத்த பரீட்சை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு மனிதருடைய ரத்தம் ஓடுகிற சத்தத்தைக் காதால் கேட்டேன். நம்பமாட்டீர்கள். நானும் நம்பவில்லை.

எங்கள் ஜவ்வாது மலைக் கடுக்காயை வாங்கி, தோல் பதனிட வாணியம்பாடிக்கு அனுப்புகிறவர் கரீம் பாய். ஜமுனாமரத்தூர் சந்தைக்கு வாரம் தவறமாட்டார். இந்த வருஷம் பத்தடி நடந்ததும் நின்றார். மறுபடி பத்தடி... மறுபடி நின்றார். மலையை ரசிக்கிறார் என்றுதான் நினைத்தேன். வலது கால் விரல்கள் கறுத்த பிறகல்லவா விஷயம் தெரிந்தது!

கீழே டவுன் ஆஸ்பத்திரியில், பீடி குடித்துக் குடித்து ரத்தக்குழாய் அடைத்துவிட்டது, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கலாம் என்றார்கள். பிறகு, புதிதாக ஒரு மிஷின் வந்திருக்கிறது, வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார்கள். துணைக்கு நான்.

"இன்னா சார் இது? காலு கண்ணுக்கு எதிர்லயே கீது. அதுக்கு எதுக்கு மிஷினு?" என்று பாய் என்னைக் கேட்டார்.

பேனா மாதிரி ஒரு குச்சி. ஒயர். ரேடியோ மாதிரி ஒரு பெட்டி. காதுக்குக் கேட்காத ஒலியைக் குச்சி உள்ளே அனுப்புமாம். ஓடுகிற ரத்தத்தில் பட்டுத் திரும்பினால் பெட்டியில் சத்தம் வருமாம். இளம் டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். ஆனாலும்... கேட்காத ஒலியைச் சாட்சி வைத்து ஒருவர் காலை எடுப்பதா?

பாதத்தில் எண்ணெய் தடவிக் குச்சியை வைத்தார். பெட்டி மௌனம்.

"மிஷினு அவுட்டு," என்றார் பாய்.

பாயின் கிடங்குக்குக் காய் பொறுக்கப் புது ஆள் வந்தால், அந்த ஆளுக்குத் தெரியாமல் பாயே நல்ல காயோடு சொத்தைக் காயையும் கலந்துவைப்பார். பிரித்தால்தான் வேலை. அதே கண்ணால் இப்போது பெட்டியைப் பார்த்தார். குச்சியை மேஜையில் வைக்கச் சொன்னார். மௌனம். தன் நல்ல காலில்... உஷ், உஷ், உஷ் — ரயில் கிளம்புகிற மாதிரி. அடுத்து என் கால். அதே ரயில். டாக்டர் குச்சியை எடுப்பதற்குள், தோள் துண்டை என் முழங்காலுக்குக் கீழே சுற்றி ஒரு முறுக்கு முறுக்கினார் பாருங்கள்... பெட்டி அடங்கியது. தளர்த்தினார். மழைக்கால ஓடை மாதிரி சத்தம் பாய்ந்து வந்தது.

பாய் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. மிஷின் பொய் சொல்லவில்லை என்றால், சற்றுமுன் அவர் பாதத்தில் கேட்ட மௌனம்?

"வைங்க டாக்டர். கீழருந்து மேல வாங்க. மெதுவா."

விரல்... இல்லை. புறங்கால்... இல்லை. உள் கணுக்காலுக்குப் பின்னால் — ஒல்லியாக ஓர் 'உஸ்'. இன்னொரு 'உஸ்'.

பாய் அந்த இடத்தைத் தன் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். "இங்க கீது. நீங்களும் கேட்டீங்க, இவுரும் கேட்டாரு. இதுக்கு மேல கத்தி வரக் கூடாது."

வரவில்லை. இரண்டு விரல்கள் மட்டும் போயின. பாதம் பாயிடமே இருக்கிறது. பீடிதான் இல்லை.

சந்தேகம் கெட்ட குணம் என்று யார் சொன்னது? நாமெல்லாம் சந்தேகப்பட்டால் எழுந்து வந்துவிடுவோம். பாய் உட்கார்ந்து பரீட்சை வைத்தார். மிஷின் தேறியபின் அதன் பேச்சைக் கேட்டார். அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்று புறப்படும்போது டாக்டர் என்னைத் தனியே அழைத்து, என் சட்டைப்பையில் தெரிந்த சிகரெட்டைப் பார்த்து, ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டார். ஏன் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை...

சந்தேகம் அடுத்தவர் காலில் இருக்கும்வரைதான் சுவாரசியம்!