சுறா எண்ணெ குடிச்ச எஞ்சின்

எங்க அப்பா ஆசப்பட்டு வாங்குன எஞ்சின், அப்பாவ அடக்கம் பண்ணி ஒரு வாரம் கழிச்சுத்தான் வந்து சேந்துச்சு. ரெயிலடியில இருந்து மாட்டு வண்டியில, பலகைப் பெட்டிக்குள்ள, சுத்தி வைக்கோல் அடைச்சு வந்துச்சு. வண்டிக்காரரு வாசல்ல நின்னுக்கிட்டு, "அண்ணாச்சி எங்க தாயி, எறக்கணும்லா?"ன்னு கேட்டாரு. நான் என்னத்தச் சொல்ல? எடத்த மட்டும் கையால காட்டிட்டு உள்ள ஓடிப் போயி அழுதேன். ஆனா இப்ப அந்த எஞ்சின நெனச்சா எனக்குச் சிரிப்புத்தான் வருது. அப்பா போன துக்கம் அப்படியேதான் இருக்கு. சிரிப்பும் வருது. நான் என்ன செய்ய?

அப்ப ஒலகச் சண்டை முடிஞ்சு கொஞ்ச நாள்தான் ஆயிருந்துச்சு. எங்களுக்குக் கடக்கரை ஓரமா ஒரு மரவாடி. தோணி கட்டுதவங்களுக்குப் பலகை அறுத்துக் குடுப்போம். எல்லாம் கை ரம்பம்தான். ஒராளு மரத்தடிக்கு மேல நிப்பான், ஒராளு கீழ குழிக்குள்ள நின்னு கண்ணெல்லாம் மரத்தூளா இழுப்பான். அதப் பாத்துப் பாத்துத்தான் அப்பா எஞ்சினுக்குச் சொல்லி வச்சாவ.

சின்னச் சின்ன வள்ளமும் அப்பா கட்டுவாவ. எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு. புது வள்ளம் தண்ணியில எறங்குததுக்கு முந்தி அடியெல்லாம் சுறா எண்ணெ தேய்ப்பாவ. மொதக் கிண்ணம் எண்ணெய ஊத்துதது அந்த வள்ளத்துக்குச் சொந்தக்காரன் வீட்டுப் பொம்பளை. எங்க வள்ளம்னா அம்மா ஊத்துவா. விக்கப்போற வள்ளம்னா கிட்டயே வரமாட்டா. வாங்குனவன் பொண்டாட்டி வந்து ஊத்திக்கிடணும்.

எஞ்சின் வந்தன்னைக்கு அம்மா மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. "அந்த மனுசன் இருந்து பாக்காதத நான் பாக்கவா? வித்துருலே தம்பி"ன்னு மாமாகிட்ட சொல்லிட்டா. மாமா அம்மாவுக்கு எளையவரு, ஹார்பர்ல வேல பாக்குதவரு. உடன்குடிப் பக்கம் ஒரு தோட்டக்காரரு, கெணத்துல தண்ணி எறைக்க எஞ்சின் தேடிக்கிட்டு இருந்தாரு. அப்பாவுக்குக் கோயில்ல முப்பதாம் நாள் பூசை முடிஞ்சதும் அவரக் கூட்டிட்டு வாரேன்னு மாமா சொல்லிட்டாரு.

எனக்கு வயித்தெரிச்சலா இருந்துச்சு. அப்பாவோட கடைசி ஆச போயி கெணத்தடியில நிக்கவா?

அப்பா முன்னமே சொல்லி வச்சிருந்ததால மதுரையில இருந்து எஞ்சின் பூட்டுத பிட்டர் வந்தாரு. எஞ்சின நிறுத்தி, போல்ட்டு முடுக்கி, வட்ட ரம்பத்துக்குப் பெல்ட்டு மாட்டிக் குடுத்தாரு. போறப்ப சொன்னாரு: "புது எஞ்சினுங்க. உள்ள ஒண்ணோட ஒண்ணு ஒரசிப் பழகணும். கொஞ்ச நாளைக்கு வெறுமனே ஓட்டுங்க, அப்புறம் சில்லறை வெறகு குடுங்க. எடுத்த எடுப்புல கனத்த தடிய வச்சீங்கன்னா உள்ள புடிச்சுக் கீறிப்போகும். இந்தக் கண்ணாடிக் குப்பியில எஞ்சின் எண்ணெ சொட்டுச் சொட்டா எறங்கிட்டே இருக்கணும்."

அவரு போனதும் நான் ஓட்டப்போனேன். மாமா குறுக்க நின்னாரு.

"விக்கிற சாமானை எதுக்குளா பழக்குத? எண்ணெய்க்குப் புடிச்ச கேடு."

"பழக்குன மாடுதான மாமா நல்ல வெலைக்குப் போகும்?"

மாமா வழிய விட்டுத் தள்ளி நின்னுக்கிட்டாரு.

கைப்பிடியச் சுத்தி எஞ்சின எழுப்ப ஆம்பள கை வேணும். எங்க அறுப்புக்கார அண்ணாச்சி வந்தாரு, இவ்வளவு நாளும் குழிக்குள்ள நின்னு இழுத்தவரு. "என் பொழப்புல மண்ணள்ளிப் போட வந்த மூதேவிய நானே சுத்தி எழுப்பணுமாக்கும்?"ன்னுக்கிட்டே கைப்பிடியச் சுத்துனாரு. ஒரு இருமல் இருமுச்சு. அப்புறம் டுப்... டுப்... டுப்... சக்கரம் சுத்த, தரை அதிர, என் கொலுசு தன்னால கிலுங்குது. அண்ணாச்சி வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, "ஏலே, உசிரு வந்துட்டுலே!"ன்னு ஒரே குதி.

சும்மா ஓட்டுனதுக்கு அப்புறம் சில்லறை வெறகுக்கு எங்க போக? எங்க வாடியில கெடக்கது எல்லாம் யானைத் தடி. பக்கத்து வீட்டு மைனிகிட்ட சொன்னேன், தெருவுக்கே தெரிஞ்சு போச்சு. செத்த வீட்டுல அடுப்பெரியக்கூடாதுன்னு எங்களுக்குச் சோறு கொண்டாந்த அதே பொம்பளைங்க, இப்ப எஞ்சினுக்குத் தீனி கொண்டாந்தாளுவ. பனமட்டை, ஒடஞ்ச துடுப்பு, கட்டில் காலு, ஒலக்கை. நாங்க அறுத்துக் குடுத்த வெறகத் திரும்ப அவங்களே சொமந்துட்டுப் போனாளுவ. ஒருத்தி, வீட்டுக்காரன் உக்காந்து சீட்டாடுத பெஞ்சியத் தூக்கிட்டு வந்துட்டா. பின்னாலயே அவரு, "ஏளா, அது நல்ல பெஞ்சிளா!"ன்னு ஓடி வாராரு.

"பெஞ்சி நல்லதுதான். உக்காருத ஆளுதான் சரியில்ல. வைளா ரம்பத்துல!"ன்னா அவ.

வச்சேன். நெசமாவே வச்சுட்டேன். அந்தப் பெஞ்சிக்காரரு இன்னிக்கும் என்கிட்ட பேசமாட்டாரு.

அம்மா மட்டும் வாடிப் பக்கமே வரல. ஆனா சாயங்காலம் ஆனா சோத்தப் போட்டுக்கிட்டே, எங்கயோ பாத்துக்கிட்டு கேப்பா: "இன்னைக்கு என்னத்தத் தின்னுச்சு?" நான் ஒலக்கை, கட்டில் காலுன்னு சொல்லுவேன். பெஞ்சி கதையச் சொன்னன்னைக்கு சேலைத் தலப்பால வாயப் பொத்திக்கிட்டா. அழுதாளா, சிரிச்சாளான்னு தெரியல.

முப்பதாம் நாள் பூசை முடிஞ்ச மறுநாள் தோட்டக்காரரு வந்தாரு. வெள்ள வேட்டி, தோள்ல துண்டு, மடியில வெத்தலப் பொட்டலம். மாமா மாப்பிள்ளை வீட்டாரக் கூட்டியாந்த மாதிரி அவர எஞ்சின் முன்னால கொண்டாந்து நிறுத்துனாரு. அறுப்புக்கார அண்ணாச்சி கைப்பிடியச் சுத்துனாரு. டுப்பு டுப்புன்னு அழகா எழும்பிட்டு. இம்புட்டு நல்லாப் பழக்கிட்டோமே, இனி இவரு எங்க விடப்போறாருன்னு நெனச்சேன்.

கொஞ்ச நேரத்துல புகைக்குழாயில இருந்து ஒரு வாடை வந்துச்சு. மீன் வறுக்க வாடை! அதுவும் கருகுன சுறா. தோட்டக்காரரு துண்டால மூக்கப் பொத்துனாரு. சுவத்து மேல ஒரு பூனை வந்து உக்காந்துச்சு. அப்புறம் இன்னொண்ணு.

"என்னய்யா இது, எஞ்சினா, மீன் சட்டியா? இத வச்சுத் தண்ணி பாய்ச்சுனா என் வாழையில மத்திதான் காய்க்கும் போல."

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி, ஏப்பம் விடுது"ன்னாரு அறுப்புக்காரரு. மாமா அவர மொறைச்சுப் பாத்தாரு.

நான் பதறிப்போயி எஞ்சின நிறுத்திட்டு அந்தக் கண்ணாடிக் குப்பியப் பாத்தேன். உள்ள இருந்தது எஞ்சின் எண்ணெயே இல்ல. மோந்து பாத்தா சுறா எண்ணெ.

"எவன்லே இத ஊத்துனது?" மாமா கத்துனாரு.

"நான்தாம்லே."

திரும்பிப் பாத்தா அம்மா. அப்பா போனதுக்கப்புறம் அன்னைக்குத்தான் வாடிக்குள்ள கால் வைக்கா. கையில வள்ளத்துக்கு ஊத்துத அதே வெண்கலக் கிண்ணம்.

"நீயாக்கா? எதுக்கு?"

"காலையில நீங்க யாரும் வரதுக்கு முந்தி ஊத்துனேன். புதுசுன்னா ஊத்தாண்டாமா?"

"யக்கா, அது வள்ளமா? அப்படியே வள்ளமா இருந்தாலும், விக்கிறதுக்கு நீ ஊத்தமாட்டியே!"

அம்மா கிண்ணத்தையே பாத்துக்கிட்டு நின்னா. பெறவு சொன்னா, "ஆமா. ஊத்தமாட்டேன்."

தோட்டக்காரருக்குத்தான் மொதல்ல புரிஞ்சுது. துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு, "அப்ப எனக்கு இங்க வேலை இல்ல போல"ன்னு சிரிச்சாரு. நல்ல மனுசன்.

"இருந்து சாப்பிட்டுப் போங்க. கொழம்பு எஞ்சினே வச்சுட்டு"ன்னாரு அறுப்புக்காரரு. அதுக்கு மாமாவே சிரிச்சுட்டாரு. அம்மாவும் சிரிச்சா, வாயப் பொத்தாம. எங்க வீட்டுல அந்தச் சத்தத்தக் கேட்டு எத்தனையோ நாளாச்சு. நான் எஞ்சினக் கட்டிக்கிட்டு அழுதேன், சட்டையெல்லாம் கரி.

அன்னைக்குப் பூரா மண்ணெண்ணெய ஊத்தி ஊத்திக் கழுவுனோம். பூனைங்க பொழுது சாயுத மட்டும் போகல. நல்லவேளை, உள்ள ஒண்ணும் கெடல.

மறுநாள் அப்பா ஒதுக்கி வச்சிருந்த வேப்பந்தடிய உருட்டிட்டு வந்தோம். மொத கனத்த தடி. குப்பியில எண்ணெ ஊத்தப்போனேன். அம்மா கைய நீட்டுனா. நான் எஞ்சின் எண்ணெயக் கிண்ணத்துல ஊத்திக் குடுத்தேன். அவ மூக்குகிட்ட கொண்டு போயி மோந்து பாத்து மூஞ்சியச் சுளிச்சா.

"ஒரு மணமும் இல்லையேளா. இத எப்படித்தான் குடிக்குதோ, பாவம்"ன்னுக்கிட்டே குப்பியில ஊத்துனா.