மென்பொருள் எழுதிய சம்மதம்

இத்தாலியில், உம்பிரியா மலைப்பக்கத்து மறைமாவட்ட ஆவணக் காப்பகத்தில் பழைய லத்தீன் பத்திரங்களைப் படித்துப் படித்தே ஃபோஸ்காவுக்குக் கண் பூத்துப்போயிருந்தது. ஐம்பத்தாறு வயது, தனிக்கட்டை. அவள் பெயர் போட்ட மொழிபெயர்ப்பை யாரும் மறுபடி சரிபார்ப்பதில்லை. அவள் சேர்த்த சொத்து அவ்வளவுதான்.

அந்தப் பெயர் இப்போது இன்னொரு அட்டையில் ஏறவிருந்தது. ஆயர் வருகிறார் என்று கன்னியர் மடத்தின் தானப் பத்திரங்களை அவசரமாகப் புத்தகமாக்குகிறார்கள். மொழிபெயர்த்தது மென்பொருள். மேற்பார்வை ஃபோஸ்கா.

எல்லா வாக்கியமும் எண்ணெய் தடவியதுபோல வழுக்கிக்கொண்டு ஓடியது. அதுவே அவளுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. பெல்லஃபியோரே என்ற விதவை தன் ஒலிவத் தோப்பை 'மனமுவந்து, எவர் வற்புறுத்தலுமின்றி' மடத்துக்கு எழுதிவைத்தாளாம். ஃபோஸ்கா மூலத் தோல் ஏட்டை எடுத்துப் பார்த்தாள். அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, விரல் நீளத்துக்கு வெறும் தோல். அந்தக் காலத்துப் பத்திர எழுத்தர்கள் அப்படித்தான். ஆள் நேரில் வந்து சொன்ன பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று சம்மதத்துக்கு இடம் விட்டுவைப்பார்கள். இந்தப் பெண் வந்தாளோ, வரவே இல்லையோ. ஆயிரம் பத்திரங்களைத் தின்று செரித்த மென்பொருள், வழக்கமான வாசகத்தை அங்கே கக்கிவைத்திருந்தது.

"ஃபாதர், அவ சம்மதிச்சான்னு இதுல இல்லவே இல்ல."

காப்பகப் பொறுப்பாளரான பாதிரியார் உபால்தோ பன்றியிறைச்சி வைத்த ரொட்டியை மென்றுகொண்டிருந்தார். "மத்த எல்லாப் பத்திரத்துலயும் இருக்கே. இவ மட்டும் முறைச்சுக்கிட்டா போனா?"

"தெரியாது. தெரியாதுன்னே போடுங்க."

"ஆயர் கையில ஓட்டைப் புத்தகத்தக் குடுக்கச் சொல்றியாம்மா? எழுநூறு வருஷம் கழிச்சு எழுந்து வந்து கேஸ் போடப்போறாளா?"

"அவ வாயில நாமளா வார்த்தையத் திணிக்கிறோம்."

"நாம எங்க திணிச்சோம்? மிஷின்தானே!" சிரித்ததில் ரொட்டித்தூள் மேசையெல்லாம் தெறித்தது.

பொய் என்றால் அதைச் சொன்னவன் ஒருவன் இருக்க வேண்டும். சொன்னவனே இல்லாத பொய்யை யாரிடம் போய் மறுப்பது?

"அப்ப என் பேரை எடுத்துடுங்க."

கெஞ்சுவார் என்று நினைத்தாள். அவர் விரலைத் துடைத்துக்கொண்டு கணினியில் ஒரு விசையைத் தட்டினார். "எடுத்தாச்சு."

வெளியீட்டு நாளில் ஆயர் அந்த 'மனமுவந்து' வரியைத்தான் தேர்ந்தெடுத்து வாசித்தார். கைதட்டல் எழுந்தது. பக்கத்து இருக்கைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எவ்வளவு பெரிய மனசு அந்தம்மாவுக்கு!"

"அவ அப்படிச் சொல்லவே இல்லீங்க," என்றாள் ஃபோஸ்கா.

"உஷ்!"

பொய்யை உள்ளேயே விட்டுவிட்டு, தன் பெயரை மட்டும் பத்திரமாக வெளியே இழுத்துக்கொண்டு வந்தவள் ஃபோஸ்கா. ஆயரையும் உபால்தோவையும்விட அதை நினைத்தபோதுதான் அவளுக்கு அதிகம் அருவருத்தது.