மெட்டில்டா மிஸ் கேட்காமல் விட்டது

சேலையூரில் கேம்ப் ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் மெட்டில்டா மிஸ் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்தார். மற்ற டீச்சர்கள் பாடத்தை வாசித்துவிட்டுப் பிள்ளைகளைக் கேள்வி கேட்பார்கள். இவர் தன்னைத்தானே கேட்டுக்கொள்வார், அதுவும் வாய்விட்டு. ஒரு வரி வாசிப்பார். அந்த வரியின்மேல் விரலை வைத்து நிறுத்துவார். “இவன் ஏன் இந்நேரத்துல கிணத்தடிக்குப் போறான்? வீட்ல தண்ணி இல்லையா, இல்ல யாரையாவது பாக்கப் போறானா?” என்று ஜன்னலைப் பார்த்துக் கேட்பார். புதிதாக வந்த பிள்ளைகள் மிஸ்ஸுக்கு ஏதோ கோளாறு என்று பயந்ததுண்டு.

“படிக்கும்போது மண்டைக்குள்ள கேள்வி ஓடணும். எப்படி ஓடும்னு உங்களுக்குத் தெரியணுமில்ல, அதான் என் மண்டையத் திறந்து காட்டறேன்” என்பார்.

ஒரே ஒரு சட்டம் உண்டு. அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளும் கேள்விக்கு யாரும் பதில் சொல்லக்கூடாது. அவரவர் தங்கள் கேள்வியைத் தேட வேண்டும். அந்தச் சட்டத்தை மீறுவதற்கென்றே கடைசி பெஞ்சில் டெனிஸ் இருந்தான். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் பக்கம் ஆட்டோ ஓட்டும் ஜெரோமின் மகன்.

“லவ் மேட்டரு மிஸ். கிணத்தடில ஆளு வெயிட்டிங்.”

“டெனிஸ், உன்ன யாரும் கேக்கல.”

“நீங்க யாரையுமே கேக்கல மிஸ். பாவம், கேள்வி அனாதையா நிக்கிதேன்னு நான் ஒரு பதில் குட்த்தேன்.”

வகுப்பு சிரிக்கும். மிஸ் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொள்வார். அதெல்லாம் சாயங்காலம் அப்படியே வீட்டுக்குப் போய்விடும். அவருடைய கணவர் தயாளன் சிறுசேரியில் ஒரு கம்பெனியில் ஏசி மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். ஷூவைக் கழற்றும்போதே “அந்தப் பையன் இன்னைக்கு என்ன சொன்னான்?” என்றுதான் ஆரம்பிப்பார்.

அந்த தயாளன் போய்விட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இட்லியைப் பிட்டவர் வாயில் வைக்காமல் தட்டிலேயே போட்டார். நெஞ்சைத் தடவிக்கொண்டார். “கேஸு போல இருக்கு மெட்டில்டா” என்றார். நம் பக்கத்தில் நெஞ்சில் என்ன வந்தாலும் முதலில் கேஸ்தான். மிஸ் ஓமத்தைக் கொதிக்க வைத்துக் கொடுத்தார், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினார். வேலைக்கு பைக்கில் கிளம்பிய தயாளன் மேடவாக்கம் தாண்டுவதற்குள் வண்டியோடு சாய்ந்தார். ஒரு டீக்கடைக்காரர் தாங்கிப் பிடித்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது உயிர் இல்லை.

அடக்கமும் ஜெபக்கூட்டமும் முடிந்து மிஸ் பள்ளிக்குத் திரும்பியபோது, தலைமையாசிரியை கோகிலவாணி தனியாக அழைத்துப் பேசினார். “கொஞ்ச நாளைக்குக் கேள்வி பதில எழுதிப் போட்டுடுங்க மிஸ், போதும். வாசிச்சு நடத்த வேணாம்.”

“வாசிச்சாதான் மேடம் எனக்கு நல்லது. சும்மா உட்கார்ந்தா பைத்தியம் பிடிச்சிரும்.”

அன்றைய பாடம் ஒரு மளிகைக்கடைக்காரரின் கதை. ‘அன்று செல்வராசு வழக்கத்துக்கு முன்பே கடையைத் திறந்தார். மனைவி எடுத்துவைத்த சோற்றை அவர் தொடவேயில்லை’ என்று மிஸ் வாசித்தார். விரல் நின்றது.

“ஏன் தொடல? பசிக்கலையா? உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?” குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “பாத்துக்கிட்டுதானே நின்னா, அவ ஏன் கேக்கல?”

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் வருஷக்கணக்காக மண்டையைத் திறந்தே வைத்துப் பழகிய மனுஷிக்கு அதைச் சட்டென்று மூடத் தெரியவில்லை.

“தட்டுல இட்லி அப்படியே இருந்துச்சே. வேர்க்குதா, கை வலிக்குதான்னு ஒரு வார்த்தை ஏன் கேக்கல? அவரு கேஸுன்னு சொன்னா கேஸாயிடுமா? அந்த பஸ் போனா வேற பஸ் வராதா?”

எல்லாத் தலைகளும் கடைசி பெஞ்சுக்குத் திரும்பின. டெனிஸ் எப்படியாவது ஒரு கோணங்கிப் பதிலைச் சொல்லி இதிலிருந்து எல்லாரையும் காப்பாற்றுவான் என்று நினைத்தார்கள். அவன் டெஸ்க்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மிஸ் புத்தகத்தை மூடினார்.

“நீங்க சொன்னதுதான் சரி மேடம். இனிமே எழுதிப் போட்டுடறேன்” என்று சாயங்காலமே கோகிலவாணியிடம் சொல்லிவிட்டார்.

மறுநாள் கேள்வியையும் பதிலையும் போர்டில் எழுதினார். பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் பார்த்து எழுதினார்கள். இப்படி நல்ல பிள்ளைகளாக அவர்களை அவர் பார்த்ததே இல்லை. டெனிஸ் லீவு.

அதற்கு மறுநாள் பாதி பதில் எழுதிக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்றான்.

“நேத்து ஏன் வரல?”

“அப்பாவுக்கு நெஞ்சு எரியுதுன்னாரு மிஸ். கேஸுன்னாரு. நான் வுடல. வேர்க்குதா, கை வலிக்குதான்னு கேட்டுகினே இருந்தேன். சும்மா கெடடா பேஜாரு புடிச்சவனேன்னாரு. நான் ஸ்டாண்டுல கீற அண்ணனக் கூட்டாந்து, அப்பா ஆட்டோலயே அவர ஏத்திகினு ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டேன்.”

மிஸ்ஸின் கையிலிருந்த சாக்பீஸ் போர்டிலேயே நின்றது. “அப்புறம்?”

“ஈசிஜி எட்த்தாங்க. ஒண்ணியும் இல்ல.” டெனிஸ் தலையைச் சொறிந்தான். “கேஸே தான் மிஸ். முந்தின நாளு நைட்டு பரோட்டா.”

வகுப்பு வெடித்துச் சிரித்தது.

“சிரிங்கடா. டாக்டரே சிரிச்சாரு. அப்பா ஆஸ்பத்திரி வாசல்லேர்ந்து சிக்னல் வரைக்கும் திட்டிகினே வந்தாரு மிஸ். சவாரி போச்சாம், மானம் போச்சாம். கேள்வி கேக்கவாடா உன்ன இஸ்கூலுக்கு அனுப்சேன்னு.”

மிஸ்ஸும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, “நல்லா திட்டினாரா?” என்று கேட்டார்.

“செம்மயா மிஸ். வூட்டுக்கு வந்து அம்மாவாண்ட சொல்லி இன்னொரு வாட்டி திட்னாரு. இன்னிக்கிக் காலையிலயும் திட்னாரு.”

“சரி, போய் உட்காரு.”

மிஸ் போர்டுப் பக்கம் திரும்பி, எழுதிய பதிலையெல்லாம் டஸ்டரால் அழித்தார். கேள்விகளை அப்படியே விட்டார். பிள்ளைகளுக்கு அவர் முதுகு மட்டும் தெரிந்தது.

அன்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தால் தயாளனும் திட்டியிருப்பார். கேஸுக்குப் போய் லீவு போட வைத்துவிட்டாயே என்று ஆஸ்பத்திரியில் ஆரம்பித்து, வண்டியில் புலம்பி, வீட்டுக்கு வந்து, ராத்திரி சாப்பிடும்போதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் நாலு பேரிடம் சொல்லிச் சிரித்து மானத்தை வாங்கியிருப்பார். அத்தனையையும் மெட்டில்டா மிஸ் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், வண்டியில் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்திருப்பார்.