இன்னாசி பேரில் ஒரு கோப்பை

நவம்பர் மாதம், இறந்தவர்களுக்காகப் பூசை வைக்கும் மாதம். ராயபுரம் கோயிலில் பூசைக்கு முன் ஆன்மாக்களின் பெயர்களை வாசித்து வந்த உபதேசியார், "பந்தாட்டக்காரர் இன்னாசி" என்றார். தூணில் சாய்ந்து நின்ற இன்னாசி திடுக்கிட்டு நிமிர்ந்தார். அவர் மனைவி பிலோமி முக்காட்டுக்குள் சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தாள்.

பெயரைக் கொடுத்தது இன்னாசியின் எர்ணாவூர்ச் சின்னம்மா. அவருடைய கிளப் நடத்தும் கால்பந்துப் பந்தயத்தின் சுவரொட்டியில் 'சிறந்த தடுப்பாட்டக்காரருக்கு இன்னாசி கோப்பை' என்று போட்டிருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் கோப்பை என்றாலே செத்தவர் பேரில்தான். மேற்கொண்டு விசாரிக்க அவளுக்குத் தோன்றவில்லை. மதியம் அழுதுகொண்டே துக்கம் கேட்க வந்தவளுக்குக் கதவைத் திறந்துவிட்டதே இன்னாசிதான். கண்ணைத் துடைத்ததும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"சாவாத ஆளுக்கு எதுக்குடா கப்பு?"

அந்தக் கேள்வி இன்னாசியின் மனதில் தைத்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நேரம் போக மற்ற நேரமெல்லாம் வெறுங்காலோடு பந்தாடியவர் அவர். எதிராளி மேல் கால் படாமல் பந்தை மட்டும் எடுப்பார். தடுமாறி விழுந்தவனுக்குக் கை கொடுத்துவிட்டுத்தான் ஓடுவார். இரண்டு வருடத்துக்கு முன் பஞ்சு மூட்டை சரிந்து முழங்கால் நொறுங்கியது. நடந்தால் போதும் என்று நினைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். இன்னாசி அப்படி நினைக்கவில்லை. விடியலில் முழங்காலைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு கடற்கரை மணலில் நொண்டி நொண்டி ஓடினார். மணல் ஒட்டிய அந்தத் துணியைப் பிலோமி ஒன்றும் கேட்காமல் அலசிக் காயப்போடுவாள்.

மறுநாள் அவர் கிளப் செயலாளர் வேதமாணிக்கத்தைத் தேடிப் போனார். தெற்கே நாசரேத்திலிருந்து வந்து கயிற்றுக்கடை வைத்திருந்தவர் வேதமாணிக்கம்.

"பேரை எடுத்துடு அண்ணாச்சி. அடுத்த வருசம் நான் ஆடுவேன். ஆடற ஆளு பேர்ல கப்பு வைப்பாங்களா?"

வேதமாணிக்கம் அவருடைய காலைப் பார்க்காமலிருக்க மெனக்கெட்டார்.

"கப்பு வெறும் தகரம் வே. ஒம்ம பேரு இருந்தா 'யாரு இந்த இன்னாசி'ன்னு ஒருத்தன் கேப்பான். ஆளை ஒதைக்காம பந்தை எடுத்தவருன்னு நாங்க சொல்லணும். சொல்லிட்டு நாங்களே ஒதைக்க முடியுமா?"

"அதைச் செத்தப்புறம் சொல்லேன்."

"அப்போ ஒமக்குக் கேக்காதுல்லா."

இன்னாசி வீடு திரும்பினார். பிலோமியிடம் நடந்ததைச் சொன்னார். அவள் கொடியிலிருந்து முழங்கால் துணியை எடுத்து மடித்தாள்.

"நீ ஓடறதைப் பாத்துகினுதான்யா கீறேன். உனக்கு எப்டியோ, எனக்கு வலிக்குது."

அடுத்த விடியலில் அவர் கடற்கரைக்குப் போகவில்லை. கோப்பையைத் தன் கையால் கொடுப்பதாக மட்டும் அண்ணாச்சிக்குச் சொல்லி அனுப்பினார்.

கடைசி ஆட்டத்தன்று அந்தப் பரிசு எதிர் அணியின் சௌக்கத் அலிக்குப் போனது. இன்னாசி வயதுதான் அவருக்கும். ஒரு காலத்தில் முன்னால் ஓடி ஆடியவர், மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு பின்வரிசைக்கு வந்தவர்.

"எத்தினி தபா என் கால்லேர்ந்து பந்தைப் புடுங்கினே, இப்போ உன் கையாலயே கப்பு வாங்கணுமா மாமு?" என்றார் சௌக்கத் அலி. பிறகு குரலைத் தாழ்த்தினார். "உன்கிட்ட பறிகொடுத்துப் பறிகொடுத்துதான் இந்த வித்தையைக் கத்துகினேன்."

 இன்னாசி கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"பரவால்ல, நல்லாத்தான் கத்துகினுகீறே. ஆனா எடது பக்கம் வர்றவனை விட்டுடறே. அடுத்த வருசம் வேற எவனாச்சும் இதை வாங்கிகினு பூடுவான், பாரு."

அதெப்படி என்று சௌக்கத் அலி சண்டைக்கு வந்தார். இருவரும் மேடையிலேயே பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாக இழுத்து வழக்காடத் தொடங்கினார்கள். வேதமாணிக்கம் இரண்டு முறை இருமிப் பார்த்தார். கோப்பை இன்னும் இன்னாசியின் கக்கத்தில்தான் இருந்தது.