புதுக் கேபிளும் கவாத்துக் கத்தியும்

1974, மாம்பழ சீசன். காலை ஐந்து மணிக்கு முதலமடையில் மாங்காய் லாரி ஏறினேன். பகல் இரண்டு மணிக்குள் மூணாறு மலையில் பள்ளிவாசல் தேயிலை எஸ்டேட் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேராவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். லாரியை ஓட்டிய ஆறுச்சாமி எங்கள் ஊர்க்காரர். உடுமலையில் ஞானம்மா ஏறினார். பள்ளிவாசல் தோட்டத் தொழிலாளி. தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியைச் சாணை பிடித்துத் துணியில் சுற்றி வைத்திருந்தார்.

பத்தேகால். மறையூர் தாண்டிய ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்தது. தண்ணீர் ஊற்ற ஆறுச்சாமி எஞ்சினை அணைத்தார், அதோடு சரி. ஸ்டார்ட்டரை அழுத்தினால் 'டக்' என்ற சத்தம்தான். ஹாரன் அடிக்கிறது, விளக்கு எரிகிறது, வண்டி மட்டும் கிளம்பவில்லை. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மாங்காய்ப் பாரத்தோடு மேட்டில் தள்ளவும் வழியில்லை.

"பேட்டரி கேபிள் செத்துப்போச்சுங்க தம்பி. புதுசு வெச்சிருக்கறனுங்க."

பேட்டரியிலிருந்து வண்டியின் இரும்புக்குப் போகும் எர்த் கேபிளை முதலில் கழற்றினார், பிறகு மற்றதை. இரண்டும் பச்சை பூத்து இற்றுப் போயிருந்தன. புதியவற்றில் எர்த்தைக் கடைசியாக மாட்டினார். பழைய ஓட்டை தேய்ந்திருந்ததால் லாரியின் அடிச்சட்டமான சேஸிஸில் பக்கத்து ஓட்டையில் முறுக்கினார். அழுத்தினார். மறுபடியும் 'டக்'!

புதுக் கேபிளுக்குமா நோய்? மணி பதினொன்றரை. அழுகை வந்துவிடும் போலிருந்தது.

ஞானம்மா குனிந்து பார்த்தார். "அண்ணாச்சி, பெயிண்ட் மேலயா முறுக்கியிருக்கீய? எங்க வீட்டுக்காரர் பவர் ஹவுஸ்ல இருக்காவ. சொரண்டாம எர்த்து கட்ட மாட்டாவ. போன கரண்டு திரும்பி வரணும்லா?"

"ஏனுங்கம்மா, பிரேக் இன்ஸ்பெக்டருக்குக் காட்டோணும்னு போன வாரந்தான் என் கையால பெயிண்ட் அடிச்சனுங்க. அதைப் போய்ச் சொரண்டறதா?"

நான் அவரைக் கும்பிட்டே விட்டேன். ஆறுச்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஞானம்மா கவாத்துக் கத்தியால் இரும்பு பளிச்சிடும்வரை சுரண்டினார். கிரீஸ் அப்பிய போல்ட்டை நான் பிடித்துக்கொள்ள, ஆறுச்சாமி முறுக்கிவிட்டு ஸ்டார்ட்டரை அழுத்தியதும் எஞ்சின் உறுமியது. கரண்டு எங்கே போய் எங்கே திரும்பியது என்பது எனக்கு இன்றுவரை குழப்பம்தான்.

இருபத்தைந்து மைலில் மூணாறு, அதற்கப்பால் பள்ளிவாசல். ஒன்று ஐம்பதுக்கு இறங்கினேன். ஆறுச்சாமி எஞ்சினை அணைக்காமலே பெயிண்ட் டப்பாவோடு லாரிக்கடியில் நுழைந்தார்.

"அண்ணாச்சி, போல்ட்டுக்கு அடியில தடவிராதீய!" என்று கத்தினார் ஞானம்மா.

ஊரில் சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும், அதற்கு மேல் நான் யோசித்ததில்லை. கறுத்த விரலோடு பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். வேலை கிடைத்துவிட்டது. வெளியே லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. போன கரண்டு திரும்பி வர வேண்டும் சரி, போன ஆள்? ஊருக்குத் திரும்ப எப்போது பஸ் என்று யாரிடமும் கேட்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.