படகில் வரைந்த அம்பு

எந்தத் திருப்பத்தில் திரும்பினாலும் ஒருமுறை நின்று, வந்த வழியைப் பார்த்துவிட்டுத்தான் அம்பக்கா மேலே நடப்பாள். கடைக்குப் போனாலும் அப்படித்தான். தெருமுனையில் நிற்பாள், கழுத்தைத் திருப்புவாள், பார்ப்பாள், பிறகு போவாள். கல்யாணமான புதிதில் இது இல்லை. வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம்.

“யாரையாவது பின்னாடி வரச் சொல்லியிருக்கியா?” என்று கேட்பார் அவள் புருஷன். அவர் தையற்காரர். வீட்டின் முன்னறைதான் கடை.

“வந்தா நல்லதுதானே. அப்படியே உங்க கடைக்குக் கூட்டிட்டு வந்துடுவேன்” என்பாள். அவளுக்கு அது பெரிய பேச்சு. அதற்குமேல் பேச மாட்டாள்.

அம்பக்கா என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. ஊருக்கு வருகிறவர்கள் வழி தவறாமல் நடக்க, கல்லிலும் கம்பத்திலும் அம்புக்குறி போடுவது அவள் வேலை. அதனால் ஊரே வைத்த பெயர்.

ஊர் ஆற்றங்கரையில் ஒரு மேட்டில் இருக்கிறது. பழைய ஊர். சுற்றிலும் கோட்டைச் சுவர், உள்ளே இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் தோள் உரசும் சந்துகள். பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் சுவரைச் சுற்றிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். காலில் தெம்பு உள்ளவர்கள் ஆற்றங்கரையோடு நடந்து, ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம்வரை போவார்கள். சுவருக்கு வெள்ளை அம்பு, முகத்துவாரத்துக்கு மஞ்சள் அம்பு. இரண்டும் அம்பக்காவின் கைவேலை. அவள் நகக்கண்ணில் மஞ்சள் இல்லாத நாளே கிடையாது.

அதற்கு முன்னால், தைத்த துணிகளை ஆற்றங்கரை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தாள். குறுக்கு வழியெல்லாம் காலுக்குப் பழக்கம். நகராட்சியில் பாதையைச் சுத்தமாக வைத்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள் என்று தையற்காரர்தான் வந்து சொன்னார். “நீ எப்படியும் நடந்துக்கிட்டேதான் இருக்கே. கையில ஒரு பிரஷ்ஷைப் பிடிச்சுக்கோ, அவ்வளவுதான்.”

சேர்ந்த முதல் வருஷம், போகிறவர்கள் கண்ணில் படும்படி மட்டும் அம்பு போட்டாள். முகத்துவாரம்வரை ஒழுங்காகப் போன ஒருவர், திரும்பி வரும்போது வழி தெரியாமல் யாருடைய மாட்டுக்கொட்டகையிலோ போய் நின்றார். அம்பக்கா அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தாள். போகும்போது தெரிகிற பாதை வேறு, வரும்போது தெரிகிற பாதை வேறு என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. அன்றிலிருந்து எல்லாக் கல்லிலும் இரண்டு பக்கமும் அம்பு. அன்றிலிருந்துதான் இந்தத் திரும்பிப் பார்க்கிற பழக்கமும்.

அவளுக்கு முகத்துவாரப் பாதைதான் பிடிக்கும். சுவர்ப் பாதையில் ஆட்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள், நீங்கள் எந்த ஊர் என்று கேட்பார்கள். ஆற்றங்கரையில் நாணலும் காற்றும்தான். யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்.

அந்தப் பாதை பாதி தூரத்தில் இரண்டாகப் பிரியும். இடது கை வழி மேட்டோடு முகத்துவாரத்துக்குப் போகும். வலது கை வழி நாணலுக்குள் இறங்கி மணல்திட்டுக்குப் போகும். கடல்தண்ணீர் வடிந்திருக்கும்போது திட்டு நல்ல மைதானம்போல இருக்கும். தண்ணீர் ஏறினால் முதலில் பின்பக்கம், திட்டுக்கும் கரைக்கும் நடுவில் உள்ள பள்ளம்தான் நிரம்பும். நிற்கிறவர்களுக்குத் தெரியாது.

பாதை பிரிகிற அந்த முக்கியமான இடத்தில் அம்பு போட ஒரு கல்கூட இல்லை. இருந்தது ஒரு படகு.

படகு அவள் கொழுந்தனுடையது. ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்க்கிறான். யாரோ வேண்டாம் என்று விட்ட படகை வாங்கி வந்து, அங்கே கவிழ்த்துப் போட்டான். “அடுத்த வருஷம் தண்ணியில இறக்கிடுவேன்” என்றான். அடுத்த வருஷமும் அதையேதான் சொன்னான். அதற்கடுத்த வருஷமும். கல்யாணத்தைப் பற்றிக் கேட்டாலும், பல் வலிக்கு வைத்தியரிடம் போகச் சொன்னாலும் இதே பதில்தான். கடைசியில் அவன் பெயரே ‘அடுத்த வருஷம்’ ஆகிவிட்டது. படகைச் சுற்றிப் புல் முளைத்தது, அதன் நிழலில் தவளை குடியேறியது. உலகத்தில் எது நகர்ந்தாலும் அது நகராது என்று அம்பக்கா முடிவு கட்டினாள். பக்கப் பலகையில் மேட்டு வழியைக் காட்டும்படி பெரிதாக ஒரு மஞ்சள் அம்பு போட்டாள். வருஷா வருஷம் அதற்குப் புது வண்ணமும் பூசினாள்.

ஒரு நாள் சாப்பிடும்போது அவன் சொன்னான், “அண்ணி, இந்த வாரம் படகை நிமிர்த்தப்போறேன்.”

“சரிப்பா. இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ” என்றாள். மழை வரும் போலிருக்கிறது என்று யாராவது சொன்னால் எப்படியோ, அப்படித்தான் அதையும் கேட்டுக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சுவரில் வேலை. வெளியூர்க்காரர்கள் வரும் காலம் தொடங்கியிருந்தது. வெள்ளை வண்ணமெல்லாம் முடித்த பிறகு, ஒரு காலையில் மஞ்சள் டப்பாவை எடுத்துக்கொண்டு, மதகு வழியாகக் குறுக்கே ஏறி, பாதை பிரிகிற இடத்துக்குப் போகாமலே அதற்கு அப்பால் மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். முதல் திருப்பம். வழக்கம்போல நின்று திரும்பிப் பார்த்தாள்.

படகைக் காணோம். அது கிடந்த இடத்தில் வெளிறிப்போன புல், மாவுக்கட்டு அவிழ்த்த கைபோலத் தெரிந்தது. கண் தானாக வலது பக்கம் ஓடியது. நாணலுக்கு அந்தப் பக்கம் படகு கவிழ்ந்து கிடந்தது, உடம்பெல்லாம் புதுத் தார். மஞ்சள் அம்பு மட்டும் பளிச்சென்று அப்படியே இருந்தது. இப்போது அது காட்டியது மணல்திட்டை. திட்டின் நடுவில் இரண்டு தொப்பிகள். அவற்றுக்கும் கரைக்கும் நடுவில், தண்ணீர் பளபளத்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தது.

டப்பாவைப் போட்டுவிட்டு ஓடினாள். ஓடியது எப்படி என்று பின்னால் கேட்டபோது அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. நாணலருகே கொழுந்தன் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

“டேய்! எந்திரிடா!”

அண்ணி வாயிலிருந்து ‘டேய்’ வந்து அவன் கேட்டதே இல்லை. அலறிப் புடைத்து எழுந்தான். “என்ன அண்ணி? அண்ணனுக்கு என்ன?”

“அண்ணனுக்கு ஒண்ணுமில்லை. அங்க பாரு! படகைத் தள்ளு!”

“தார் காயலையே அண்ணி! இதை இங்க இழுத்துட்டு வந்த நம்ம ஃபேக்டரி ஆளுங்களே நாளைக்கு வந்து தண்ணியில...”

“தள்ளுடா!”

இரண்டு பேரும் நிமிர்த்தித் தள்ளினார்கள். கையெல்லாம் தார். படகு தண்ணீரில் இறங்கியது, ஒருமுறை தள்ளாடியது, பிறகு மிதந்தது. மிதக்கிறதே என்று கொழுந்தன் துடுப்பை மறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அவள் ஒரு தட்டுத் தட்டினாள்.

திட்டில் இருந்தவர்கள் வயதான கணவனும் மனைவியும். தண்ணீர் முழங்கால்வரை வந்திருந்தது. அவர் முகம் வெளுத்திருந்தது. அந்த அம்மா செருப்பை ஒரு கையிலும் புருஷனை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

“இவர்தான் அம்பை நம்பு, அம்பை நம்புன்னாரு” என்றார் படகில் ஏறியபடி. “என்னை நம்பாத மனுஷன், அம்பை நம்பினாரு.”

“நான் சரியாத்தான் போனேன்” என்றார் அவர், பல் தந்தியடிக்க. “அம்புதான் தப்பாப் போச்சு.”

கரைக்கு வந்ததும் அம்பக்கா கொழுந்தனிடம் கேட்டாள், “எல்லாத்தையும் தார் பூசி மூடினே. அதை மட்டும் ஏன்டா விட்டே?”

“நீங்க போட்டது அண்ணி. அழிச்சா மனசு கஷ்டப்படுவீங்கன்னு சுத்தி சுத்திப் பூசினேன். ஒரு சொட்டு மேல படல, பாருங்க.”

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இரண்டையும் விழுங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை நகராட்சியில் பாதைகளைக் கவனிக்கிற மேற்பார்வையாளர் கூப்பிட்டனுப்பினார். அவர் அலுவலகம் கோட்டை வாசலுக்கு மேலே, குனிந்து ஏற வேண்டிய படிக்கட்டுக்கு முடிவில் இருக்கிறது. ஒரு மேசை, ஒரு மின்விசிறி, சுவரில் பாதைகளின் படம். நல்ல மனுஷர், ஆனால் பயந்துபோயிருந்தார்.

“அம்மா, முகத்துவாரப் பாதையை மூடிடலாம்னு இருக்கேன். நீங்க இங்க வாசல்ல உட்கார்ந்து டிக்கெட் கிழிச்சுக் கொடுங்க. நிழல் இருக்கு, நாற்காலி இருக்கு. இந்த வயசுல எதுக்குச் சேத்துல அலையணும்?”

அம்பக்கா சுவரில் இருந்த படத்தில் முகத்துவாரத்தைத் தேடினாள். நாள் முழுக்க முகம் தெரியாதவர்கள் எதிரே உட்கார்ந்திருப்பதா? நாணல், காற்று, மதகில் நிற்கிற கொக்கு, எல்லாம் போனதா?

“தப்பு உங்களுது இல்லம்மா” என்றார் அவர். “படகை அங்க கொண்டுபோய்ப் போட்டது உங்க கொழுந்தன். அவர் மேல நடவடிக்கை எடுத்து, அந்தப் படகையும் கரையிலிருந்து எடுக்கச் சொல்லிடறேன்.”

இதற்குத் தலையாட்டிவிட்டு இறங்கியிருக்கலாம். நேற்று அவன் வாயைப் பிளந்துகொண்டு நின்றது கண்ணுக்குள் வந்தது.

“படகுதான் சார் அவனோடது. அம்பு என்னோடது.”

“அம்பு சரியான இடத்துலதானே இருந்தது?”

“நகர்ற பொருள் மேல போட்டது நான்தான் சார். நிமிர்த்தப்போறேன்னு அவன் சொன்னான். நான் நம்பல.”

மேற்பார்வையாளர் அவளைப் பார்த்தார். வாயைக் கையால் மூடிக்கொண்டார். ஆனாலும் சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது. “அடுத்த வருஷம்தானே? நானும் நம்பியிருக்க மாட்டேன்மா. ஊர்ல யாரும் நம்பியிருக்க மாட்டாங்க.”

அப்போது படிக்கட்டில் கைத்தடிச் சத்தம். நேற்றைய கணவனும் மனைவியும் மேலே வந்தார்கள். புகார் சொல்லத்தான் வருகிறார்கள் என்று மேற்பார்வையாளர் எழுந்து நின்றுவிட்டார்.

“முகத்துவாரத்தை நாங்க இன்னும் பார்க்கவே இல்லையே” என்றார் அந்த அம்மா. “சாயங்காலம் ஊருக்குக் கிளம்பறோம். இந்த அக்கா கூட வந்தா போயிட்டு வந்துடுவோம்.”

“மறுபடியுமா?” என்றார் மேற்பார்வையாளர்.

“இந்தத் தடவை அம்பு போடறவங்களையே கூட்டிட்டுப் போறோம். அவங்க நகர்ந்தா நாங்களும் நகர்ந்துக்கறோம்.”

என்ன நினைத்தாரோ, மேற்பார்வையாளரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். படத்தில் பார்த்த பாதையை அவர் நடந்து பல வருஷம் ஆகியிருந்தது. நான்கு பேரும் நடந்தார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் அம்பக்கா நின்று திரும்பிப் பார்க்க, முதலில் அந்த அம்மா நின்று பார்த்தார், பிறகு கணவர் பார்த்தார், கடைசியில் மேற்பார்வையாளரும் பார்த்தார். முகத்துவாரத்தில் ஆற்றின் பழுப்புத் தண்ணீரும் கடலின் பச்சைத் தண்ணீரும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருந்தன. மேற்பார்வையாளர் ஒரு பாறையில் உட்கார்ந்து வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

திரும்பும் வழியில், பாதை பிரிகிற இடத்தில் காலால் மண்ணை மிதித்துப் பார்த்தார். “இங்க ஒரு கல் நடுவோம். நட்டு, அது ஆடுதான்னு நீங்களே தள்ளிப் பாருங்கம்மா. அதுவரைக்கும் யார் வந்தாலும் கூடப் போங்க.”

“படகு, சார்?”

“அது பாட்டுக்கு ஓடட்டும். ஆனா மணல்திட்டுப் பக்கம் படுக்க வைக்கக் கூடாது.”

இப்போது அந்த இடத்தில் அம்பக்காவின் தோள் உயரத்துக்கு ஒரு கல் நிற்கிறது. இரண்டு பக்கமும் மஞ்சள் அம்பு. கல் ஆடவில்லை. முகத்துவாரப் பாதை திறந்திருக்கிறது, அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். விடுமுறை நாட்களில் கொழுந்தன் படகை எடுக்கிறான். பக்கப் பலகையில் பழைய அம்பு அப்படியே இருக்கிறது. அது முன்முனையைப் பார்த்துப் போட்டது என்பதால், படகு எந்தப் பக்கம் போனாலும் அதற்கு வழி சரிதான். அடுத்த வருஷம் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொல்லியிருக்கிறான். அம்பக்கா பின்னறையைக் காலி செய்து வெள்ளையடித்து வைத்திருக்கிறாள்.