அத்தானுக்கு நான் கொடுத்த தண்ணீர்

எங்கள் பக்கத்துத் துக்க வீடுகளில் எனக்கு நல்ல பெயர். பந்தலுக்குள் கால் வைத்ததுமே கண் கலங்கிவிடும். ஒருமுறை திருவிடைமருதூரில், மனைவி வழியில் தூரத்து உறவான ஒரு பெரியவர் இறந்ததற்குப் போயிருந்தேன். உயிரோடு இருந்தபோது அவரை நான் பார்த்ததே இல்லை. நான் அழுத அழுகையில் நான்கு பேர் வரிசையாக வந்து என் கையைப் பிடித்து, "அப்பா இல்லையேன்னு நெனைக்காதீங்க தம்பி, நாங்க இருக்கோம்" என்றார்கள். நிஜமான மகன் பக்கத்தில் நின்று எனக்குத் துண்டு கொடுத்தான். வெட்கப்பட்டிருக்க வேண்டும். நான் பெருமைப்பட்டுக்கொண்டே பஸ் ஏறினேன்.

தஞ்சாவூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி, மற்றதெல்லாம் பட்டறைக்கு வருகிறவர்கள் வாயிலிருந்து பொறுக்கியது. மோட்டார் எரிந்துபோய் வருகிற விவசாயி சும்மா வருவதில்லை, ஒரு சொலவடையோடுதான் வருவார். அப்படிச் சேர்த்ததில் எதற்கும் என்னிடம் ஒன்று இருக்கும். வினையே அதுதான்.

சென்ற குறுவை நடவு சமயத்தில் அக்கா வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. சில வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து ஊருக்கு அனுப்பினார்கள். டாக்டர் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். தொண்டை இன்னும் சரியாக வேலை செய்யவில்லை, தண்ணீரைத் தண்ணீராகக் கொடுக்கவே கூடாது, பவுடர் கலந்து கூழ் பதமாக்கி, நிமிர்த்தி உட்காரவைத்து, ஸ்பூனால்தான் கொடுக்க வேண்டும். நான் அழுதுகொண்டே தலையாட்டினேன். அழுகைச் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை.

வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள, சீர்காழிப் பக்கம் நர்சிங் படித்த ஒரு பெண்ணை அக்கா ஏற்பாடு செய்தாள். முதல் நாளே எனக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்கவில்லை. முகத்தில் ஒரு வருத்தம் கிடையாது. அத்தான் வலியில் முனகினால், "வலிக்குதுப்பா, தெரியுது. இந்தப் பக்கம் திரும்புங்க" என்று திருப்பிப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். நான் பட்டறையைப் பையன்களிடம் விட்டுவிட்டு, கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து என் பங்குக்குக் கண்ணீர் விட்டுக்கொண்டிருப்பேன்.

"சார், நீங்க கூடத்துல உட்காருங்க. உங்களைப் பார்த்துப் பார்த்து அப்பாவும் அழறாங்க. அழுதா சளி கட்டும்" என்றது ஒரு நாள்.

எனக்குச் சுருக்கென்றது. அடுப்படிக்குப் போய் அக்காவிடம், "மரக்கட்டையால்ல இருக்கு இந்தப் பொண்ணு! மனசுன்னு ஒண்ணு வேணாமாக்கா?" என்றேன்.

"உங்கிட்டதான் மூட்டை மூட்டையா இருக்கே. அதுல கொஞ்சம் எடுத்து அவருக்கு பெட்ஷீட்டை மாத்தேன்" என்றாள் அக்கா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அக்கா களையெடுப்பு பார்க்க வயலுக்குப் போயிருந்தாள். நர்ஸ் பெண், "பத்து நிமிஷம் சார், குளிச்சிட்டு வந்துடுறேன். எதுவும் குடுத்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனது. அத்தான் என்னைப் பார்த்தார். ஜன்னலோரம் இருந்த சொம்பைப் பார்த்தார். வாய் கோணி, கோணி, ஒரு சொல் வந்தது.

"தண்ணி."

ஜன்னலுக்கு வெளியே வாய்க்கால் கரை தளும்ப ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது வருஷம் அந்த வாய்க்காலில் மடை திறந்த மனிதர். எங்கள் ஊரில் சண்டைக்காரன் வந்து தண்ணீர் கேட்டாலும் முதலில் சொம்பை நீட்டிவிட்டுத்தான் சண்டை போடுவோம். தவித்த வாய்க்குத் தண்ணீர் தராதவன் மனுஷனா? சொலவடை எழும்பியதும் கையும் எழும்பிவிட்டது. கண்ணீர் வழிய, படுத்திருந்தவரின் தலையை லேசாகத் தூக்கிச் சொம்பைச் சாய்த்தேன்.

முதல் மடக்கில் சாமியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். இரண்டாவது மடக்கில் சத்தம் வந்தது. இருமல் இல்லை. கிணறு வற்றி மோட்டார் காற்றை இழுக்குமே, அந்தச் சத்தம். முகம் கறுத்துக்கொண்டு வந்தது. அப்போது நான் என்ன செய்தேன் என்றால், நின்ற இடத்திலேயே "அய்யோ அத்தான்" என்று அழுதேன். அது ஒன்றுதான் எனக்குக் கைவந்த தொழில்.

நர்ஸ் பெண் ஈரத் தலையோடு ஓடி வந்து, என்னைத் தள்ளிவிட்டு, அவரை ஒருக்களித்துச் சாய்த்து முதுகில் தட்டியது.

"எவ்வளவு குடிச்சாங்க?"

"பாவம்மா, வாய் விட்டுக் கேட்டாரு..."

"எவ்வளவு சார்?"

"ரெண்டு மடக்கு."

மூச்சு வந்துவிட்டது. ஆனால் சாயங்காலம் காய்ச்சல். மறுநாள் தஞ்சாவூரில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தோம். தண்ணீர் நுரையீரலுக்குள் போய்ச் சளி கட்டியிருக்கிறது, பிழைப்பதைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். மோட்டாருக்குள் தண்ணீர் இறங்கினால் என்ன ஆகும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவன் நான்.

வராந்தாவில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன். அக்கா எதிரில் வந்து நின்றாள்.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம். எந்திரிச்சு அந்தப் பக்கம் போடா."

அதன்பின் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

நான்காம் நாள் நர்ஸ் பெண் அக்காவுக்கு மாற்றுப் புடவை கொண்டுவந்தது. மனம் கேட்காமல், "அவர் தண்ணி தண்ணின்னு தவிக்கிறப்ப உனக்குப் பாவமாவே இல்லையாம்மா?" என்றேன்.

"இல்லாம என்ன சார்? வீட்டுல மணிக்கு ஒரு தடவை பஞ்சை நனைச்சு உதட்டைத் துடைச்சேனே, பின்ன எதுக்காம்? வாய் காஞ்சா நாக்கால இடது கடைவாயைத் தடவுவாங்க. அதைப் பார்த்ததுமே துடைச்சு விட்டுடணும், கேக்குற வரைக்கும் விடக்கூடாது. அன்னைக்குக் குளிக்கிற அவசரத்துல துடைக்காமப் போயிட்டேன். எம்மேலயும் தப்பு இருக்கு."

நான் நாள் முழுக்க அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன். ஒரு நாளாவது அந்த நாக்கைக் கவனித்திருப்பேனா? அத்தான் தவித்தது எனக்குத் தாங்கவில்லை; என் தவிப்பு அடங்கத்தான் அவர் வாயில் ஊற்றியிருக்கிறேன். மறுபடி அழுகை வந்தது.

"அழாதீங்கன்னு சொல்லல சார். எனக்கும் வரும். ஊட்டுற நேரத்துல வரக்கூடாது, கை ஆடும்" என்றது.

பதினோராம் நாள் அத்தான் பிழைத்து வீடு வந்தார். இன்னும் சில நாள் கழித்து, எனக்கும் ஊட்டக் கற்றுக்கொடு என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அக்காவைப் பார்த்தது. அக்கா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"ஒரே ஒரு கண்டிஷன் சார். ஊட்டி முடிக்கிற வரைக்கும் நீங்க பேசக்கூடாது. அப்பா சிரிச்சா புரையேறும்."

என்னிடம் போய் இப்படி ஒரு கண்டிஷன். அடுப்படியில் அந்தக் கூழ்த் தண்ணீரை ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். நோட்டீஸ் ஒட்டுகிற பசையை விழுங்கியதுபோல் இருந்தது. இதைத்தான் இத்தனை நாள் சத்தமில்லாமல் குடித்திருக்கிறார்.

தலையணை வைத்து நிமிர்த்தி, தாடையைக் கொஞ்சம் தாழ்த்தி, முதல் ஸ்பூனைக் கொடுத்தேன். தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். இறங்கியது. மிச்சத்துக்கு மறுபடி ஒருமுறை இறங்கியது. வாய் காலியா என்று பார்த்துவிட்டு அடுத்தது. பாதி டம்ளருக்கு அரை மணி நேரம். முதுகு விட்டுப்போனது. நடுவில் அத்தான் ஸ்பூனை முறைத்து, "கருமம்" என்றார், தெளிவாக. சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆமாம் என்று தலையாட்டினேன். வாயைத் திறந்தார்.

வாசற்படியில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்த அக்கா கிட்டே வந்து டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் பாதி இருக்கு. மெதுவாக் குடு" என்றாள்.